ஸயான் பள்ளத்தாக்கின் மணற்பாறைச் சுவரை வாசிப்பது எப்படி: பாறை, நீர், உயிர், மனிதர் என்ற வரிசையில் ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஸயான் தேசியப் பூங்காவுக்கு முதல் தடவை வருபவர்களில் பலர் காண்டார் என்ற பெரிய பிணந்தின்னிப் பறவையையோ பாறைச் செதுக்குகளையோ தேடிக்கொண்டு வருகிறார்கள். பகல் முழுக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, கழுத்து வலியோடு திரும்புகிறார்கள். கோளாறு அவர்கள் தேடும் வரிசையில் இருக்கிறது.

இந்தப் பாலைவனப் பள்ளத்தாக்கில் தண்ணீர் எங்கே வெளியே வரும் என்பதைப் பாறை அடுக்குதான் முடிவு செய்கிறது. தண்ணீர் வரும் இடத்தை ஒட்டித்தான் செடி, நத்தை, தவளை, பறவை எல்லாம். மனிதர்களும் அதே நீரை நம்பித்தான் தங்கினார்கள். அதனால் முதலில் பாறை, அடுத்து நீர், பிறகு உயிர்கள், கடைசியில் மனிதத் தடங்கள் என்று போனால் ஒவ்வொன்றும் அடுத்ததைக் காட்டிக்கொடுக்கும். கீழே உள்ள படிகளுக்கு ஒரு முழு நாள் போதும். இரண்டு நாள் கிடைத்தால் ஒரு நாள் பிரதான பள்ளத்தாக்குக்கும், ஒரு நாள் ஸயான்-மவுன்ட் கார்மல் சாலைச் சுரங்கப்பாதைக்குக் கிழக்கே உள்ள வெற்றுப்பாறைப் பகுதிக்கும் ஒதுக்குங்கள்.

1. கிளம்பும் முன்: காலம், தண்ணீர், கருவி

மார்ச் முதல் மே வரை, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை போங்கள். கோடையில் பள்ளத்தாக்கின் அடியில் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை எளிதாகத் தாண்டும். அந்தச் சூட்டில் பாறையை நிதானமாகப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இருக்காது, விலங்குகளும் நிழலுக்குள் போய்விடும்.

ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் தண்ணீர் வேண்டும். வர்ஜின் ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது என்று குறைவாக எடுத்துப் போகாதீர்கள். 2020-இல் இந்த ஆற்றில் நச்சு உண்டாக்கும் நீலப்பச்சைப் பாசி கண்டுபிடிக்கப்பட்டது. சாதாரண வடிகட்டியை நம்பி அந்த நீரைக் குடிக்கக் கூடாது.

கருவிகள் கொஞ்சம்தான்: 8 மடங்கு பைனாகுலர், 10 மடங்கு பூதக்கண்ணாடி, திசைகாட்டி, பென்சில், கோடு போடாத குறிப்பேடு. பூங்காவின் நிலவியல் வரைபடத்தைக் கைப்பேசியில் முன்னாடியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்குக்குள் சிக்னல் பெரும்பாலும் கிடைக்காது. சுத்தியலும் அமிலப் புட்டியும் வேண்டாம். பாறையை உடைப்பதும் சிறு கல்லை எடுத்துப் போவதும் இங்கே சட்டப்படி குற்றம். ட்ரோனுக்கும் தடை.

பார்வையாளர் மையத்தில் அன்றைய திடீர் வெள்ள எச்சரிக்கை நிலையைப் பாருங்கள். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழைக் காலம். தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கிறது என்பதை வைத்து முடிவு எடுப்பதுதான் இங்கே செய்யக்கூடிய மிக ஆபத்தான தவறு. மழை பல கிலோமீட்டர் தள்ளி மேட்டுநிலத்தில் பெய்திருக்கும். அங்கே வெற்றுப்பாறைதான், உறிஞ்சிக்கொள்ள மண் கிடையாது. விழுந்த மழை அப்படியே குறுகிய இடுக்குகளுக்குள் பாயும். 2015 செப்டம்பரில் கீஹோல் என்ற இடுக்குக்குள் இறங்கிய ஏழு பேரும் இப்படி வந்த வெள்ளத்தில் உயிரிழந்தார்கள். வெள்ளத்துக்குச் ‘சாத்தியம் உண்டு’ என்று பலகையில் இருந்தாலே இடுக்குப் பள்ளத்தாக்குகளைத் தவிர்த்துவிடுங்கள். தெளிந்த நீர் கலங்கினால், மட்டம் கொஞ்சம் ஏறினால், மேலிருந்து இரைச்சல் கேட்டால், யோசிக்காமல் உயரமான இடத்துக்கு ஏறுங்கள்.

2. எட்ட நின்று அடுக்குகளைக் கீழிருந்து மேலாக எண்ணுங்கள்

முதல் வேலை காலையில், மனித வரலாற்று அருங்காட்சியகத்தின் பின்புறத்தில். அங்கிருந்து ‘வர்ஜின் கோபுரங்கள்’ என்று அழைக்கப்படும் மேற்குச் சுவர் முழுதாகத் தெரியும். உங்கள் முதுகுப் பக்கம் எழும் சூரியன் அந்தச் சுவரில் சாய்வாக விழும்போது அடுக்குகளின் எல்லைகள் பளிச்சென்று தெரியும். உச்சி வெயிலில் அதே சுவர் தட்டையாகிவிடும்.

பைனாகுலரை இன்னும் எடுக்காதீர்கள். புதியவர்கள் வந்ததும் அதைக் கண்ணில் வைத்து ஒரு துண்டை மட்டும் பார்ப்பார்கள். சுவரின் எந்த உயரத்தில் அந்தத் துண்டு இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாமல் போய்விடும். வெறுங்கண்ணால் முழுச் சுவரையும் பார்த்து, குறிப்பேட்டில் அதன் வெளிக்கோட்டை வரையுங்கள். படம் அழகாக இருக்கத் தேவையில்லை.

வரையும்போது ஒரே விதி போதும்: செங்குத்தாக நிற்பது பெரும்பாலும் மணற்பாறை, சரிந்து புதர் முளைத்துக் கிடப்பது பெரும்பாலும் களிமண்ணும் வண்டலும் இறுகிய பாறை. கீழிருந்து பார்த்தால் முதலில் ஒரு சரிவு, அதற்கு மேல் உயரம் குறைந்த சிவப்புச் சுவர், மறுபடி சரிவு, அதற்கு மேல் அந்தப் பிரம்மாண்டமான செங்குத்துச் சுவர், சில சிகரங்களின் தலையில் மட்டும் ஒரு மெல்லிய செந்தொப்பி.

அந்தக் குட்டைச் சிவப்புச் சுவரின் பெயர் ஸ்பிரிங்டேல் மணற்பாறை. ஆறுகள் கொண்டுவந்து போட்ட மணல் அது. அதற்கு மேலுள்ள சரிவு கயென்டா படிவம்: ஆறும் சேறும் வெள்ளச் சமவெளியும் விட்டுப்போன அடுக்கு. மூவிரல் டைனோசர் தடங்கள் இந்தப் படிவத்தில் கிடைத்திருக்கின்றன. பெரிய சுவர்தான் நவாஹோ மணற்பாறை. ஏறத்தாழ 18 முதல் 19 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் முற்பகுதியில், இங்கே பரந்து கிடந்த மணற்கடல் இறுகிக் கல்லானது அது. ஸயானில் அதன் தடிமன் 600 மீட்டருக்கும் மேல். தலையில் உள்ள செந்தொப்பி டெம்பிள் கேப் படிவம்.

கண்ணில் படும் முதல் சுவரையே நவாஹோ என்று எழுதிவிடுவது எல்லோரும் செய்யும் பிழை. ஸ்பிரிங்டேல் சுவரை நவாஹோ என்று குறித்துவிட்டால், பின்னால் சுனைகளைத் தேடும்போது முழுக்கத் தவறான உயரத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள். அதனால்தான் கீழிருந்து எண்ணச் சொல்கிறேன். சந்தேகம் வந்தால் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. பள்ளத்தாக்கு எங்கே அகலம், எங்கே குறுகல் என்று பாருங்கள்

ஷட்டில் பேருந்தில் வடக்கே போகப் போக பள்ளத்தாக்கு ஒடுங்கிக்கொண்டே வரும். கடைசி நிறுத்தத்தைத் தாண்டி ஆற்றில் நடந்தால் ‘நேரோஸ்’ வந்துவிடும். அங்கே சில இடங்களில் அகலம் 6 முதல் 9 மீட்டர்தான், சுவரின் உயரமோ 300 மீட்டர்.

காரணம் இரண்டாம் படியில் எண்ணிய அடுக்கிலேயே இருக்கிறது. தெற்கே ஆறு நவாஹோவை அறுத்து முடித்து, அடியிலுள்ள மென்மையான கயென்டாவை எட்டிவிட்டது. கயென்டா அரித்துப் போனதும் மேலே நிற்கும் நவாஹோவுக்குத் தாங்கல் இல்லை. பலகை பலகையாகப் பிளந்து விழுகிறது, பள்ளத்தாக்கு அகலமாகிறது. வடக்கே ஆறு இன்னும் நவாஹோவுக்குள்ளேயே அறுத்துக்கொண்டிருக்கிறது. பக்கவாட்டில் இடிய ஆரம்பிக்கவில்லை.

ஆக, பேருந்து ஜன்னலிலிருந்து அகலத்தைப் பார்த்தே காலடியில் எந்தப் பாறை என்று ஊகிக்கலாம். ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. பள்ளத்தாக்கின் ஒரு பகுதியில் தரை வழக்கத்துக்கு மாறாகச் சமதளமாக இருக்கும். சுமார் 4,800 ஆண்டுகளுக்கு முன் சென்டினல் சிகரத்தின் பக்கமிருந்து ஒரு பெரும் பாறைச்சரிவு விழுந்து ஆற்றை அடைத்தது. பின்னால் தேங்கிய ஏரி சுமார் 700 ஆண்டு நின்று வண்டலால் நிரம்பியது. அந்தச் சமதளம் அந்த ஏரியின் அடித்தரை. அதை ஆறு அகலமாக வெட்டிய இடம் என்று எழுதிவிடாதீர்கள்.

4. நிறத்தைக் குறிக்கும் முன் அது கறையா, பாறையின் சொந்த நிறமா என்று சோதியுங்கள்

நவாஹோ சுவரில் மேலோட்டமாக மூன்று பட்டைகள் தெரியும்: கீழே பழுப்பு, நடுவே இளஞ்சிவப்பு, மேலே வெள்ளை. இவை மூன்று தனித்தனிப் பாறைகள் கிடையாது. மணல் துகள்களைச் சுற்றி இரும்பு ஆக்ஸைடு மெல்லிய பூச்சாகப் படிந்ததால் சிவப்பு. மேற்பகுதியில் பிற்காலத்தில் ஊடுருவிய நீர்மங்கள் அந்த இரும்பைக் கரைத்துக் கொண்டுபோய்விட்டதால் வெள்ளை.

இதற்கு மேல் வெளியிலிருந்து வந்த கறைகள் இருக்கின்றன. ‘ஆல்டர் ஆஃப் சேக்ரிஃபைஸ்’ சிகரத்தின் வெள்ளை முகத்தில் இரத்தம் வழிந்தது போன்ற செங்கோடுகளைப் பாருங்கள். உச்சியிலுள்ள டெம்பிள் கேப் படிவத்தின் இரும்பு மழையில் கரைந்து வழிந்த தடம் அது. கோடு மேலிருந்து கீழாக ஒழுகினால் கறை. சுவரில் படுக்கையாக, அடுக்கோடு சேர்ந்து ஓடினால் பாறையின் நிறம். இந்த ஒரு சோதனை பெரும்பாலான குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

கருப்பு என்றால் இன்னொரு சோதனை தேவை. மினுமினுப்போடு, வெயிலில் லேசாகப் பளபளக்கும் கருப்பு அல்லது கரும்பழுப்புப் படலம் பாலைவன மெருகு. மாங்கனீஸ், இரும்பு ஆக்ஸைடுகளும் களித்துகளும் சேர்ந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில், ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கு தடிமனுக்குப் படிவது. மங்கலான, மழைக்குப் பின் இன்னும் கருக்கும் பட்டைகள் பெரும்பாலும் நீர் வழியும் பாதையில் வாழும் நுண்ணுயிர்களும் பாறைப்பாசிகளும். முதலாவது மனிதத் தடங்களைத் தேட உதவும், இரண்டாவது தண்ணீரைத் தேட உதவும். இரண்டையும் வெவ்வேறு குறியால் வரையுங்கள்.

5. கிட்டே போய்ச் சாய்ந்த கோடுகளைப் படியுங்கள்

இனிப் பாறையைத் தொடும் தூரத்துக்குப் போகலாம். நேரத்தை இங்கே தாராளமாகச் செலவிடுங்கள். இந்தப் படி புரிந்துவிட்டால் பூங்காவில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஏதாவது சொல்லும்.

சுரங்கப்பாதைக்குக் கிழக்கே செக்கர்போர்ட் மேசாவுக்குப் போகும் சாலையோரம் இதற்கு ஏற்ற இடம். சுவரில் இணையிணையாகச் சாய்ந்து ஓடும் கோடுகள் தெரியும். நிலவியலில் இதற்குக் குறுக்குப் படுகை என்று பெயர். காற்று மணல்மேட்டின் ஒரு பக்கம் மணலை ஏற்றி, மறுபக்கம் சரியவிடுகிறது. சரிந்து படிந்த ஒவ்வொரு பரப்பும் ஒரு கோடு. உலர்ந்த மணல் 34 டிகிரிக்கு அருகில்தான் நிற்கும், அதைவிடச் செங்குத்தானால் சரிந்துவிடும். கல்லாகும்போது மணல் அமுங்கியதால் இன்று அளந்தால் கோணம் இன்னும் குறைவாகவே இருக்கும்.

ஒரு கோட்டைப் பிடித்து மேலும் கீழும் கவனியுங்கள். கீழ் முனை மெதுவாக வளைந்து, படுக்கைக்கோட்டோடு தழுவிச் சேரும். மேல் முனையோ கத்தியால் வெட்டியது போல் திடீரென்று நின்றுவிடும். அடுத்து வந்த மணல்மேடு முந்தையதன் தலையைச் சீவிவிட்டு அதன் மேல் ஏறிப் போனதால் இப்படி. பாறையின் மேல் எது, கீழ் எது என்று சொல்லும் அடையாளம் இது. சுவரிலிருந்து உருண்டு பாதையோரம் கிடக்கும் பாறையை வைத்து ‘காற்று இந்தப் பக்கம் அடித்தது’ என்று எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். உருண்ட கல் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பிக் கிடக்கலாம். வளைந்து தழுவும் முனை வானத்தைப் பார்த்து இருந்தால் கல் தலைகீழாகக் கிடக்கிறது. துகள்களைப் பார்க்க உருண்ட கல் போதும். திசைக்கு அசையாத சுவர் வேண்டும்.

சுவரிலும் ஒரு கண்ணி உண்டு. ஒரே ஒரு முகத்தை மட்டும் பார்த்தால் கோட்டின் உண்மையான சாய்வு தெரியாது. சுவர் மணல்மேட்டை எந்தக் கோணத்தில் வெட்டியதோ அந்தச் சாய்வுதான் தெரியும். காற்றின் திசைக்குக் குறுக்காக வெட்டிய முகத்தில் அதே கோடுகள் படுக்கையாகக்கூடத் தோன்றும். அதனால் சுவர் திரும்பும் மூலையில் நின்று, இரண்டு முகங்களிலும் ஒரே பரப்பைத் தொடர்ந்து பாருங்கள். இரண்டையும் மனதில் இணைத்தால் பரப்பு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று விளங்கும். அந்தத் திசையில் திசைகாட்டியைப் பிடியுங்கள். நவாஹோவில் பெரும்பாலும் தெற்கு, தென்கிழக்கு என்று காட்டும். மணல்மேடுகள் நகர்ந்து போன திசை அது.

அப்புறம் பூதக்கண்ணாடி. அதைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கல்லை நோக்கித் தலையைக் கொண்டுபோங்கள். கண்ணாடியைக் கல்லின் அருகே பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. துகள்கள் பெரும்பாலும் குவார்ட்ஸ். உருண்டையாக, ஏறக்குறைய ஒரே அளவில், பரப்பு மங்கலாகத் தெரியும். காற்றில் பறந்து ஒன்றோடொன்று மோதிய மணலின் அடையாளம் அது. சேறோ கூழாங்கல்லோ கலந்திருந்தால் நீங்கள் நிற்பது நவாஹோவாக இருக்க வாய்ப்பு குறைவு. இந்த மணலோடு கலந்திருக்கும் ஸிர்கான் படிகங்களின் வயதை அளந்த ஆய்வாளர்கள், அதில் கணிசமான பங்கு கண்டத்தின் மறுகோடியில் உள்ள அப்பலாச்சியன் மலைகளிலிருந்து வந்தது என்று கண்டார்கள். ஆறுகள் மேற்கே கொண்டுவந்து போட்டதைக் காற்று அள்ளி இங்கே குவித்திருக்கிறது.

சாய்ந்த கோடுகளுக்கு நடுவே எங்காவது மெல்லிய, தட்டையான, சிவந்த களிப்பட்டை தென்பட்டால் தாண்டிப் போய்விடாதீர்கள். மணல்மேடுகளுக்கு இடையிலான பள்ளத்தில் நீர் தேங்கிய இடமாக அது இருக்கலாம். அந்தப் பழைய பாலைவனத்திலும் ஈரம் இருந்தது.

மழை பெய்து முடிந்த அடுத்த நாளில் பாறைமேல் ஏறாதீர்கள். ஈரமான மணற்பாறை கணிசமாக வலுவிழக்கும், பிடித்த விளிம்பு கையோடு வந்துவிடும். துகள்களை ஒட்டவைத்திருக்கும் கால்சைட்டும் களியும் நீரில் தளர்வதுதான் காரணம். மேலே காய்ந்தது போல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும்.

6. விரிசல்களில் ஆழமானதை மட்டும் பின்தொடருங்கள்

செக்கர்போர்ட் மேசாவில் படுக்கைக்கோடுகளைச் செங்குத்து விரிசல்கள் வெட்டிக் கட்டம் கட்டமாகத் தெரியும். சாய்ந்த, படுத்த கோடுகள் மணல்மேட்டின் அடுக்கு. செங்குத்து விரிசல்கள் வெப்பமும் குளிரும் மாறி மாறி மேற்பரப்பைச் சுருக்கி விரித்ததால் வந்த ஆழமில்லாத கீறல்கள். இரண்டையும் ஒரே காலத்தில் உண்டானவை என்று நினைத்துவிட வேண்டாம், நடுவே கோடிக்கணக்கான ஆண்டுகள் இருக்கின்றன.

சுவர் முழுவதையும் ஊடுருவும் பிளவுகள் வேறு. இவை இணையிணையாக, பெரும்பாலும் வடக்கு-வடமேற்குத் திசையில் ஓடும். வரைபடத்தில் பக்கப் பள்ளத்தாக்குகள் பல ஒரே திசையில் கோடு போட்டது போல் இருப்பதற்கு இதுதான் காரணம். தண்ணீர் பிளவைப் பிடித்துத்தான் அறுக்கிறது. நீரைத் தேடும்போது இந்தப் பிளவுகள் உதவும், மேற்பரப்புக் கீறல்கள் உதவாது.

7. நீர்க்கோட்டைக் கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியின் முதுகெலும்பு இந்தப் படிதான்.

நவாஹோ முழுக்க நுண்துளைகள். மேட்டுநிலத்தில் விழும் மழையும் உருகும் பனியும் உள்ளே இறங்கி, துகளுக்குத் துகள் நகர்ந்து, கீழே வருகின்றன. கயென்டாவின் களிப்பாறையை எட்டியதும் மேற்கொண்டு இறங்க வழியில்லை. பக்கவாட்டில் நகர்ந்து சுவரின் முகத்தில் சுனையாகக் கசிகின்றன. ‘வீப்பிங் ராக்’ என்ற இடத்தில் வெளியே சொட்டும் நீர், மேலே மழையாக விழுந்து சுமார் 1,200 ஆண்டு ஆகிறது என்று பூங்கா நிர்வாகம் சொல்கிறது.

இரண்டாம் படியில் வரைந்த படத்தை எடுங்கள். நவாஹோவும் கயென்டாவும் சந்திக்கும் கோட்டின் மேல் பென்சிலை அழுத்தி ஓட்டுங்கள். அந்தக் கோட்டில் இப்போது பைனாகுலரை மெதுவாக நகர்த்துங்கள். தேட வேண்டியவை: சுற்றியுள்ள புதர்களைவிடப் பளிச்சென்ற பச்சை, கருத்த ஈரப்பட்டை, ஆவியான நீர் விட்டுப்போன வெள்ளை உப்புப்பூச்சு, உள்வாங்கிய குடைவு. உப்புப் படிகங்கள் வளரும்போது துகள்களை நெம்பி உதிர்த்துவிடும், சுனை உள்ள இடம் நாளாவட்டத்தில் குடைந்து போகும்.

எல்லாச் சுனையும் இந்தக் கோட்டில்தான் இருக்கும் என்று சாதிக்க முடியாது. நவாஹோவுக்குள்ளேயே அடர்த்தியான பட்டை இருந்தால் அங்கேயும் நீர் எட்டிப் பார்க்கும். ஆனால் தொடங்க வேண்டிய இடம் இதுதான். சில பாதைகள் பாறைச்சரிவால் மாதக்கணக்கில் மூடப்படுவது உண்டு; எது திறந்திருக்கிறது என்று அன்று காலையே கேட்டுக்கொள்ளுங்கள். ‘ரிவர்சைட் வாக்’ என்ற தட்டையான பாதையிலேயே தொங்கும் தோட்டங்கள் நிறைய இருக்கின்றன.

8. உயிர்களை ஈரம் குறையும் வரிசையில் தேடுங்கள்

சொட்டும் சுவரிலிருந்து தொடங்குங்கள். மெய்டன்ஹேர் பெரணி, மஞ்சள் கொலம்பைன், சிவந்த மங்கிஃப்ளவர் எல்லாம் சுனையின் ஈரத்தில் செங்குத்தாகவே வேர் பிடித்திருக்கும். ‘நேரோஸ்’ பகுதியில், நீர் வழியும் சுவர்களில், குண்டூசித் தலை அளவே உள்ள ஸயான் நத்தை ஒட்டிக்கொண்டிருக்கும். உலகில் வேறெங்கும் இல்லாத உயிரினம் அது. சிறிய உடலுக்குப் பெரிய பாதம், ஓடும் நீரில் பிடி விடாமல் இருக்க. ஈரச்சுவரில் கையை ஊன்றி எட்டிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், உள்ளங்கைக்கு அடியில் எது நசுங்குகிறது என்று தெரியாது.

ஓடைக்கரையில் பாறையைப் பார்க்காமல் பாறையின் மேல் உள்ள புடைப்புகளைப் பாருங்கள். கேன்யன் மரத்தவளை பாறையின் அதே நிறத்தில், வெயிலில் அசையாமல் அமர்ந்திருக்கும். மாலையில் ஆடு கத்துவது போன்ற குரல் சுவரில் மோதி எதிரொலித்தால் ஆட்டைத் தேட வேண்டாம், தவளை அது. மேலிருந்து கீழாகப் படியிறங்குவது போல் சரியும் தெளிந்த சீழ்க்கை கேட்டால் கேன்யன் ரென் என்ற சிறு பறவை. அதைக் காதால்தான் முதலில் கண்டுபிடிக்க முடியும்.

வெற்றுப்பாறையில் மழைநீர் தேங்கிய குழிகள் அடுத்தது. காய்ந்து கிடக்கும் குழியில் கால் வைக்காதீர்கள். அடியில் உள்ள மெல்லிய சேற்றில் ஃபேரி ஷ்ரிம்ப் போன்ற சிற்றுயிர்களின் முட்டைகள் ஆண்டுக்கணக்கில் உலர்ந்து காத்திருக்கும், மழை பெய்ததும் பொரிக்கும். நீர் நிறைந்த குழியிலும் கை விட வேண்டாம், தோலில் பூசிய வெயில் களிம்பு அந்தச் சிறு நீரைக் கெடுத்துவிடும்.

மண்ணில் கருத்துப் புடைத்த, மேடுபள்ளமான பொருக்கு தெரிந்தால் அதுவும் உயிருள்ளதுதான். நீலப்பச்சைப் பாசியும் பாறைப்பாசிகளும் மணலைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு காலடி பட்டால் மீள்வதற்குப் பத்தாண்டுகள் ஆகலாம். படம் எடுக்க இரண்டடி பாதையை விட்டு விலகுகிறார்கள், அந்த இரண்டடிதான் பிரச்சினை. பாதையில், இல்லையென்றால் வெற்றுப்பாறையில் அல்லது ஓடைமணலில் மட்டும் நடங்கள்.

பாலைவனப் பெருங்கொம்பு ஆடுகள் சுரங்கப்பாதைக்குக் கிழக்கே, சாலையோரப் பாறைகளில் அடிக்கடி தென்படும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கே அற்றுப்போய், 1970-களில் மறுபடி கொண்டுவந்து விடப்பட்டவை இவை. 30 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். பூங்காவின் தாழ்ந்த பகுதியில் பாலைவன ஆமையைக் கண்டால் தூக்கவே கூடாது. பயந்தால் உடலில் சேமித்து வைத்த நீரை வெளியேற்றிவிடும், வறண்ட காலத்தில் அதுவே அதற்கு எமன்.

கடைசியாக வானம். வெயில் ஏறி, சுவரை ஒட்டிச் சூடான காற்று மேலெழும்பும் நேரத்தில்தான் பெரிய பறவைகள் கிளம்பும், விடியற்காலையில் தேடிப் பயனில்லை. பறப்பதெல்லாம் காண்டார் என்று கத்துவதற்கு முன் சிறகைப் பாருங்கள். வான்கோழிப் பிணந்தின்னி சிறகை மேல்நோக்கி வி வடிவில் தூக்கி, இரண்டு பக்கமும் ஆடி ஆடிப் பறக்கும். சிறகின் பின்பாதி வெளிறியிருக்கும். கலிஃபோர்னியா காண்டார் சிறகைத் தட்டையாக விரித்து, ஆடாமல் மிதக்கும். வளர்ந்த பறவைக்குச் சிறகின் அடியில் முன்பாதியில் வெள்ளை முக்கோணம் இருக்கும். சிறகின் விரிவு ஏறத்தாழ 2.9 மீட்டர். 1982-இல் உலகத்திலேயே 22 காண்டார்கள்தான் மிஞ்சியிருந்தன. எஞ்சியவற்றைப் பிடித்துக் கூண்டில் இனம் பெருக்கி, 1996 முதல் அரிசோனாவின் வெர்மிலியன் கிளிஃப்ஸில் விடத் தொடங்கினார்கள். இந்த மீட்புத் திட்டத்தின் ஆயிரமாவது குஞ்சு 2019-இல் பொரித்தது ஸயானின் ஒரு பாறைச்சுவரில்தான். வேட்டையாடி விட்டுப்போன உடல்களில் உள்ள ஈயக் குண்டுத்துகள் இன்றும் இவற்றைக் கொல்கிறது.

பொரி வல்லூறு கூடு கட்டும் சுவர்களில் வசந்த காலத்தில் பாறையேற்றம் தடை செய்யப்படும். எந்தச் சுவர் மூடியிருக்கிறது என்ற பட்டியலை வாங்கிப் பாருங்கள்: ஏறாதவர்களுக்கும் எங்கே பைனாகுலரைத் திருப்ப வேண்டும் என்று அது சொல்லிவிடும்.

9. மனிதத் தடங்களை நீர்க்கோட்டோடும் மெருகோடும் பொருத்திப் பாருங்கள்

இப்போது குறிப்பேட்டில் சுனைகளும் மெருகு படிந்த சுவர்களும் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு அருகில், வெள்ளம் எட்டாத, மழை நனைக்காத, குளிர்காலத்தில் வெயில் விழும் குடைவுகளைப் பாருங்கள். மக்காச்சோளமும் பூசணியும் பயிரிட்ட மூதாதைப் பியூப்லோ மக்கள் இத்தகைய இடங்களில் கல்லும் களிமண்ணும் வைத்துத் தானியக் குதிர்கள் கட்டினார்கள். கி.பி. 1300 வாக்கில் அவர்கள் இங்கிருந்து நகர்ந்துவிட்டார்கள். தெற்குப் பையூட் என்ற பூர்வகுடி மக்கள் தொடர்ந்து வாழ்ந்தார்கள், இன்றும் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். 1909-இல் இந்த இடம் முதலில் அரசின் பாதுகாப்புக்கு வந்தபோது வைத்த பெயர் ‘முகுன்டுவீப்’, அவர்கள் மொழியிலிருந்து வந்தது. தேசியப் பூங்காவானது 1919-இல்.

பாறைச் செதுக்கு என்பது மெருகைக் கொத்தி நீக்கி, அடியிலுள்ள வெளிர்நிறப் பாறையைக் காட்டுவது. அதனால்தான் நான்காம் படியில் மெருகைத் தனியாகக் குறிக்கச் சொன்னேன்: மெருகு இல்லாத சுவரில் செதுக்கு கிடைப்பது அரிது. கொத்திய இடத்திலும் காலப்போக்கில் மெருகு மறுபடி படியும். ஒரே சுவரில் மங்கிக் கருத்தது பழையது, பளிச்சென்று வெளிறியது புதியது என்று ஒப்பிடலாம். குதிரை உருவம் இருந்தால் அது ஸ்பானியர்கள் கண்டத்துக்கு வந்த பிறகு செதுக்கியது. இதற்கு மேல் ‘இந்தச் சுழல் நீரைக் குறிக்கிறது’ என்றெல்லாம் பொருள் சொல்லப் போகாதீர்கள். அந்த மக்களின் வழித்தோன்றல்கள் சொல்ல வேண்டியது அது.

மெருகு தானாக உரிந்த திட்டைச் செதுக்கு என்று நினைப்பது அடிக்கடி நடக்கும். பூதக்கண்ணாடி தேவையில்லை, பைனாகுலரே போதும். கொத்திய தடத்தில் சிறுசிறு குழிகள் நெருக்கமாகத் தெரியும், உரிந்த இடத்தின் விளிம்பு ஒழுங்கற்று ஒரே வீச்சில் இருக்கும். கிழக்குச் சாலை வளைந்து ஏறும் இடத்தில் சுவரின் நடுவே தெரியும் பெரிய துளைகளைக் குகை வீடுகள் என்று பலர் காட்டுவார்கள். 1930-இல் முடிந்த, 1.8 கிலோமீட்டர் நீளமுள்ள ஸயான்-மவுன்ட் கார்மல் சுரங்கப்பாதையின் ஜன்னல்கள் அவை.

தொடாதீர்கள், நனைக்காதீர்கள், சாக்பீஸால் கோட்டை எடுத்துக் காட்டாதீர்கள், தாளை வைத்துத் தேய்த்துப் பிரதி எடுக்காதீர்கள். சுவரில் ஓவியம் தீட்டியிருந்தால் விரலின் எண்ணெய் அதன் நிறமியைக் கெடுக்கும். உடைந்த பானை ஓட்டைக் கண்டால் கிடந்த இடத்திலேயே விடுங்கள். எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் ஆய்வாளருக்குத் தேவையான செய்தி. எடுத்துக் கையில் கொடுத்தால்கூட அது போய்விடும். 1979-ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைச் சேதப்படுத்துவதையும் எடுத்துப் போவதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது.

10. அன்றே எழுதி முடியுங்கள்

வரைந்த படத்தில் தேதி, நேரம், நின்ற இடம், பார்த்த திசை நான்கும் இருக்க வேண்டும். நிழல் மாறினால் சுவரே வேறாகத் தெரியும் என்பதால் நேரம் இல்லாத படத்தை அடுத்த தடவை ஒப்பிட முடியாது. கண்டதையும் ஊகித்ததையும் வேறு வேறு நிறத்தில் எழுதுங்கள். ‘கோடுகள் தென்கிழக்கே இறங்குகின்றன’ என்பது கண்டது, ‘காற்று வடமேற்கிலிருந்து வந்தது’ என்பது ஊகம்.

காண்டாரின் சிறகில் எண் பொறித்த வில்லை இருந்தால் அந்த எண்ணையும் நேரத்தையும் குறித்துப் பூங்கா ஊழியரிடம் சொல்லுங்கள், ஒவ்வொரு பறவையையும் அவர்கள் தனித்தனியாகக் கண்காணிக்கிறார்கள். புதிதாக விழுந்த பாறை, புதிய கிறுக்கல், சேதமான குதிர் ஆகியவற்றையும் அங்கேயே தெரிவிக்கலாம். பாறைச் செதுக்கு, குதிர், பறவைக்கூடு இவற்றின் இருப்பிடத்தை மட்டும் குறிப்பேட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் படம் போடுவதற்கு முன் கைப்பேசி அதில் ஒட்டவைத்திருக்கும் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள்.